வேலியில் விளைந்த கறி

யாழ்ப்பாணத்து விவசாயம் என்று கதை தொடங்கினால் எல்லோரும் வலிகாமத்துச் செம்மண்ணில்தான் போய் நிற்பார்கள். சின்ன வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு. பிழையில்லை, அந்த மண்ணும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்கிற கிணற்றுத் தண்ணியும் அப்படி. 1970களில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தபோது மிளகாயும் வெங்காயமும் போட்டே நிமிர்ந்த குடும்பங்கள் உண்டு, 1977க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டதும் அந்தக் கொழுத்த காலம் போய்விட்டது. ஆனால் என்னைக் கேட்டால், வடக்கின் ருசி காசுப் பயிரில் இல்லை. யாரும் நடாத, யாரும் தண்ணி இறைக்காத சாமானில்தான் இருக்கிறது.

முசுட்டைக் கொடியையே எடுங்கள். மாரி மழை விழுந்ததும் வேலி முழுக்கத் தளதளவென்று படர்ந்துவிடும். இலைகளை அடுக்கி, இறுக்கிச் சுருட்டி, எவ்வளவு மெல்லிசாக அரிய முடியுமோ அவ்வளவு மெல்லிசாக அரிய வேண்டும், அதில்தான் கைப்பக்குவமே. சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்து, இலையைப் போட்டு, தண்ணி விடாமல் பிரட்டி, துருவின தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து இறக்கினால் வறை. இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடலாம், எனக்கு அது இல்லாமலே பிடிக்கும். குறிஞ்சா இலையிலும் இதே வறைதான், ஆனால் கைப்பு. சின்னப் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள்.

பூவரசு, கிளுவை, முள்முருக்குக் கதியால், அதாவது நட்டால் துளிர்க்கிற தடி, போட்ட வேலியாக இருந்தால் முசுட்டை, குறிஞ்சா, கொவ்வை எல்லாம் தானாக ஏறிக்கொள்ளும். சண்டி மரமும் வேலியோரத்திலேயே நிற்கும், அதன் இலையும் வறைக்கு ஆகும். இப்போது எழும்புகிற வீட்டுக்கெல்லாம் சீமெந்து மதில். மதில் பாதுகாப்புத்தான், வருசா வருசம் வேலி அடைக்கிற செலவும் இல்லை, அது சரி. ஆனால் மதிலில் எதைப் பிடித்துக்கொண்டு கொடி ஏறும்? வேலியில் சும்மா கிள்ளினதைச் சந்தையில் பிடி பிடியாகக் காசுக்கு வாங்குகிறோம்.

பனையை மட்டும் மதிலால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பனங்கொட்டையைப் பாத்தி போட்டு, வந்த கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவை ஊறவைத்துத் தண்ணியை ஊற்றிவிட்டுத்தான் கூழுக்குக் கரைக்க வேண்டும், இல்லாவிட்டால் கைக்கும். நண்டும் றாலும் மீனும் போட்ட கூழைப் பிலாவிலையில் குடிக்காமல் கோப்பையில் குடிக்கிறவர்களோடு எனக்குக் கதை இல்லை.

அப்புறம் யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே, காடு நிறைந்த வன்னிப் பக்கம் போனால் காட்டுப் பழம். வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுக்கும். மஞ்சளாய்ச் சின்னதாய் இருக்கும், தேன் இனிப்பு. பாலை வைரமான மரம் என்பதால் கோடரிக்காரருக்கும் அதன்மேல் கண். பழத்தில் பால் இருக்கிறது, அள்ளி அள்ளித் தின்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், தண்ணியில் கழுவினாலும் லேசில் போகாது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசித் துடையுங்கள்.