“வேற கலியாணமோ?”

அந்தப் பிள்ளை ஃபோனில் கேட்டது இவ்வளவுதான்: “வேற கலியாணமோ?”

எங்கள் ஸ்டூடியோவின் மூத்த படப்பிடிப்பாளரான அண்ணைதான் வரவேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். அவளுடைய அக்காவின் கல்யாண ஆல்பம் அவர் செய்தது. “அண்டைக்கு அவருக்கு ஏலாது, தங்கச்சி. வேற நல்ல ஆளை அனுப்புறன்” என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மண்டபம் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டேன்.

அவள் கட்டப்போவது இன்னொரு பெண்ணை. ஒன்டாரியோவில் 2003இலிருந்தும், கனடா முழுவதும் 2005இலிருந்தும் அது சட்டப்படி கல்யாணம். நடத்திவைக்க மறுக்கும் உரிமையை அந்த 2005 சட்டம் மதகுருமாருக்குத்தான் தருகிறது, கமராக்காரருக்கு இல்லை. பாலின ஈர்ப்பைக் காரணம் காட்டிச் சேவையை மறுக்கக் கூடாது என்று மாகாண மனித உரிமைச் சட்டமும் சொல்கிறது. ஓடரைத் திருப்பி அனுப்பும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

ஆனால் அண்ணை முதல் நாளே வந்து சொல்லிவிட்டார். “தம்பி, அந்தப் பிள்ளையள் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. பிறந்தநாளுக்குக் கூப்பிட்டா சந்தோசமாப் போவன். கலியாணத்தில நிக்க என்ர விசுவாசம் விடாது.” அவருடைய மத நம்பிக்கையையும் அதே சட்டம்தான் காக்கிறது. பெரிய சிரமம் இல்லையென்றால் முதலாளி இடம் கொடுக்கத்தான் வேண்டும். எங்களிடம் வேறு ஆள் இருந்தார். சரி, மாற்றினேன்.

கனடாவின் இன்னொரு மாகாணமான சஸ்காச்சுவானில் அரசின் திருமணப் பதிவாளர்கள் மத காரணம் சொல்லி மறுக்கலாமா என்ற கேள்விக்கு 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூடாது என்றது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் பேசப்பட்டது: கோரிக்கைகள் ஓர் அலுவலகத்துக்கு வந்து, யார் போவது என்பது உள்ளுக்குள்ளேயே முடிவானால், ஜோடிக்கு மறுப்பே தெரியவராது. அதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல், நான் செய்ததும் இதுதானே என்று. அப்புறம்தான் உறைத்தது. இவள் ஆளைக் குறிப்பிட்டல்லவா கேட்டாள்?

இன்னொன்றும் கிடந்து அரிக்கிறது. ஓமம், தாலி, அம்மி என்று சைவக் கல்யாணங்கள் எத்தனையோ அண்ணை எடுத்திருக்கிறார். அவருடைய சபை அதையெல்லாம் விக்கிரக வழிபாடு என்றுதான் சொல்லும். அங்கே நிற்க விட்ட விசுவாசம் இங்கே ஏன் விடவில்லை? நான் கேட்கவில்லை. ஒருவரின் நம்பிக்கை உண்மையானதா என்று பார்த்தால் போதும், அது சரியான போதனைதானா என்று நீதிமன்றம் ஆராய வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2004இல் சொல்லியிருக்கிறது. நீதிமன்றமே ஆராயாததை நான் எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது? ஆனால் கேட்டிருந்தால் அவரே யோசித்திருப்பாரோ என்னவோ.

மனம் ஒப்பாதவர் கையில் அந்த நாளைக் கொடுத்திருந்தால் படத்தில் அது தெரிந்திருக்கும். அவளுக்காகத்தான் மாற்றினேன். இதை நான் மனதார நம்புகிறேன், இன்று கேட்டாலும் மாற்றித்தான் அனுப்புவேன். ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால், வேறு ஸ்டூடியோவுக்குப் போவதா இல்லையா என்று அவளே முடிவெடுத்திருப்பாள். கல்யாணத்துக்கு நாள் குறித்த பிள்ளையிடம் அதை எந்த வாயால் சொல்வது?

இப்போது அவளுடைய தம்பிக்குக் கல்யாணம். அண்ணைதான் வரவேண்டும் என்று அவளே எழுதிக் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அவருக்கு வேறு வேலை இல்லை, கேட்டால் போவார். நான் இன்னும் பதில் போடவில்லை.