ஜீமற்றுக்கு முன் மாற்றவேண்டிய பழக்கம்

உயர்தரத்தில் கணிதமோ வர்த்தகமோ படித்துவிட்டு, எம்.பி.ஏ. போன்ற முகாமைத்துவப் பட்டமேற்படிப்புகளுக்கு அனுமதி பெற எழுதும் ஜீமற் (GMAT) பரீட்சைக்கு ஆயத்தமாகும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கறிவில் பெரிய குறை இருப்பதில்லை. இடறுவது வேறோர் இடத்தில். ஒவ்வொரு படியாகச் செய்கை எழுதி, விடை பிழைத்தாலும் செய்கைக்குப் புள்ளி வாங்கிப் பழகிய கை எங்களுடையது. ஜீமற்றில் செய்கையை எவரும் பார்ப்பதில்லை. ஒரு கேள்விக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். அதற்குள் விடையைத் தெரிவுசெய்துவிட்டு நகரவேண்டும். முழுதாகச் செய்யாமலே விடைக்குப் போகும் வழியைப் பழகுவதுதான் ஆயத்தத்தில் பாதி வேலை.

படிக்கத் தொடங்க முதல் கையிலிருக்கும் புத்தகம் எந்தக் காலத்தது என்று பாருங்கள். பழைய வடிவப் பரீட்சை 2024 ஜனவரி 31 உடன் முடிந்துவிட்டது. இப்போதுள்ளதில் கட்டுரை இல்லை, இலக்கணப் பிழை திருத்தும் வினா இல்லை, முக்கோணம், வட்டம் என்று கேத்திரகணிதமும் இல்லை. அண்ணாவோ அக்காவோ தந்த பழைய புத்தகத்தில் அந்த அத்தியாயங்களுக்கு ஒரு மாதம் செலவழிப்பது வீண். புள்ளி அளவும் மாறிவிட்டது. முன்பு 200 முதல் 800 வரை. இப்போது 205 முதல் 805 வரை, எல்லாப் புள்ளியும் 5 இல் முடியும். “700 எடுத்தால்தான் நல்லது” என்று வீட்டில் சொல்வது பழைய அளவு. அந்த 700க்கு இப்போது ஏறத்தாழ 645 ஈடாகும்.

பகுதிகள் மூன்று. குவான்ற் (கணிதம்) 21 வினா, வேர்பல் (ஆங்கில வாசிப்பும் தர்க்கமும்) 23, டேற்றா இன்சைற்ஸ் (தரவுகளை வாசித்து முடிவெடுப்பது) 20. ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். எதை முதலில் செய்வது என்பது உங்கள் விருப்பம், இடையில் ஒருமுறை 10 நிமிட ஓய்வும் எடுக்கலாம். மொத்தப் புள்ளியில் மூன்றுக்கும் சம பங்கு. எங்கள் ஆட்கள் குவான்ற்றையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டு டேற்றா இன்சைற்ஸைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். மூன்றில் ஒரு பங்கை அப்படியே விட்டுக்கொடுப்பதாகத்தான் இதை நான் பார்க்கிறேன்.

முழுச் செய்கைப் பழக்கம் அதிகம் கெடுப்பது அங்கே வரும் டேற்றா சஃபிஷியன்சி வினாக்களில். ஒரு கேள்வியும் இரண்டு கூற்றுகளும் தரப்படும். கேள்விக்கு விடை என்ன என்பது வேண்டியதில்லை. விடை காண அந்தக் கூற்றுகள் போதுமா என்பதே வினா. ஐந்து தெரிவுகளும் எப்போதும் ஒன்றுதான்: முதற் கூற்று மட்டும் போதும், இரண்டாவது மட்டும் போதும், இரண்டும் சேர்ந்தால் மட்டுமே போதும், தனித்தனியே ஒவ்வொன்றும் போதும், சேர்ந்தாலும் போதாது. இதை மனப்பாடமாக்கிவிடுங்கள்.

ஓர் உதாரணம். பேனை ஒன்று 70 ரூபா, கொப்பி ஒன்று 110 ரூபா. மாணவி எத்தனை கொப்பி வாங்கினார்? கூற்று (1): மொத்தச் செலவு 610 ரூபா. கூற்று (2): பேனையும் கொப்பியுமாக மொத்தம் 7.

பார்த்தவுடன் கை என்ன செய்யும்? இரண்டு தெரியாக்கணியம், இரண்டு சமன்பாடு, ஆகவே இரண்டும் வேண்டும் என்று மூன்றாவது தெரிவைத் தொடும். பிழை. பேனையும் கொப்பியும் அரைவாசியாக வாங்க முடியாதவை, நிறைவெண்ணாகத்தான் இருக்கும். 10 ஆல் வகுத்தால் 7 பேனை மடங்கும் 11 கொப்பி மடங்கும் சேர்ந்து 61. 61 இலிருந்து 11, 22, 33 என்று கழித்துப் பார்த்தால் 28 மட்டுமே 7 ஆல் வகுபடும்: மூன்று கொப்பி, நான்கு பேனை. வேறு வழியே இல்லை. முதற் கூற்று தனியே போதும். இரண்டாவது தனியே போதாது.

மொத்தச் செலவு 1380 ஆக இருந்திருந்தால் கதை வேறு. 3 கொப்பியும் 15 பேனையும் பொருந்தும், 10 கொப்பியும் 4 பேனையும் பொருந்தும். அப்போது முதற் கூற்று தனியே போதாது. ஆகவே “நிறைவெண் என்றால் ஒன்று போதும்” என்று புதுச் சூத்திரம் ஒன்றை மனப்பாடம் பண்ணவும் கூடாது. இரண்டாவது விடை ஒன்று கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்த கணமே நிறுத்துங்கள். பூச்சியம், மறை எண், பின்னம், ஒன்று ஆகிய நான்கையும் போட்டுப் பார்க்காமல் “போதும்” என்று முடிவெடுக்காதீர்கள். இரண்டு கூற்றுகளும் ஒன்றுக்கொன்று முரணாக ஒருபோதும் வராது. உங்கள் கணக்கில் முரண் வந்தால் பிழை உங்களிடம்தான், திரும்பப் பாருங்கள்.

குவான்ற் பகுதியில் கணிப்பான் கிடையாது, டேற்றா இன்சைற்ஸில் மட்டும் திரையில் ஒன்று தருவார்கள். அதனால் எல்லை பார்த்து விடை வெட்டுவது பெரிய உதவி. ஒரு நீர்ப்பம்பி தொட்டியை 12 மணியில் நிரப்பும், இன்னொன்று 18 மணியில். சேர்ந்து எவ்வளவு நேரம்? இரண்டும் 12 மணிக்காரராக இருந்தால் 6 மணி, இரண்டும் 18 மணிக்காரராக இருந்தால் 9 மணி. விடை 6க்கும் 9க்கும் இடையில். தெரிவுகள் 5, 7.2, 9, 10, 15 என்றால் பேனையைத் தொடவே தேவையில்லை. சதவீதம், விகிதம், மீதி, முதன்மை எண், சமனிலி, இடை, இடையம், சேர்மானம், நிகழ்தகவு என்று பாடப்பரப்பு பெரும்பாலும் சாதாரண தரத்துக்குச் சற்று மேலே. கடினம் கேள்வியின் அமைப்பில் இருக்கிறது.

நேரத்தை வினாவுக்கு வினா பார்க்காதீர்கள், பதற்றம்தான் கூடும். குவான்ற்றில் 7 வினா முடியும்போது 30 நிமிடம், 14 முடியும்போது 15 நிமிடம் மிச்சம் இருக்கவேண்டும். இரண்டரை நிமிடம் கடந்தும் வழி தெரியாவிட்டால், வெட்டக்கூடிய விடைகளை வெட்டி, ஒன்றைத் தெரிவுசெய்து, அடையாளமிட்டு நகருங்கள். பகுதி முடிவில் நேரம் மிஞ்சினால் திரும்பிவந்து மூன்று விடைகள் வரை மாற்றலாம். விடையளிக்காமல் வினாக்களை மிச்சம் விடுவது பிழையாக விடையளிப்பதைவிட அதிகம் தண்டிக்கப்படும். ஒரு கணக்கோடு மல்லுக்கட்டி நான்கு நிமிடம் நின்றவருக்குக் கடைசி இரண்டு வினாக்கள் போகும். அவை சில வேளை இலகுவானவையாகவும் இருக்கும்.

வேர்பல் தமிழ் மூலம் படித்தவர்களை மிரட்டும். மிரளத் தேவையில்லை, ஆனால் பந்தியை மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டு வாசிப்பதை நிறுத்தவேண்டும். நேரம் அங்கேதான் போகிறது. தர்க்க வினாக்களில் முதலில் முடிவு எந்த வசனம் என்று கண்டுபிடியுங்கள். “வலிகாமத்தில் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறிய தோட்டங்களில் இந்தப் போகம் வெங்காய விளைச்சல் கூடியது, ஆகவே சொட்டுநீரே காரணம்” என்று ஒரு வாதம் வந்தால், அதைப் பலவீனப்படுத்துவது எது? “சொட்டுநீர்க் குழாய்க்குச் செலவு அதிகம்” என்ற தெரிவு உண்மைபோலத் தோன்றும், ஆனால் முடிவைத் தொடவே இல்லை. “அதே தோட்டங்களில் இம்முறை புதிய விதை நடப்பட்டது” என்பதுதான் முடிவை அசைக்கும். எடுகோள் கேட்டால், தெரிவை எதிர்மறையாக்கிப் பாருங்கள். வாதம் விழுந்தால் அதுவே விடை.

அட்டவணை, வரைபு வாசிக்கப் பழக இலங்கை மத்திய வங்கியின் ஆண்டறிக்கைகளை ஆங்கிலத்தில் எடுங்கள், இணையத்தில் இலவசம். ஒரு வரைபைப் பார்த்து இரண்டு நிமிடத்தில் மூன்று உண்மைகள் எழுதுங்கள். ‘சதவீதம் கூடியது’ என்பதையும் ‘சதவீதப் புள்ளி கூடியது’ என்பதையும் குழப்பாத கண் அதில் வந்துவிடும்.

வேலைக்குப் போகிறவருக்கு வாரம் பத்துப் பன்னிரண்டு மணி வீதம் மூன்று மாதம் நியாயமான கணக்கு. இரவு களைத்து மூன்று மணி இருப்பதைவிட விடிய ஒன்றரை மணி நல்லது. சீ.ஆர். கொப்பி ஒன்றில் பிழைத்த வினாக்களை எழுதுங்கள்: வினா வகை, எடுத்த நேரம், ஏன் பிழைத்தது. “கவனக்குறைவு” என்று மட்டும் எழுதினால் பயனில்லை. “கேட்டது மீதியை, நான் கண்டது ஈவை” என்று எழுதுங்கள். சரியாக வந்தும் மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தவையும் அந்தக் கொப்பிக்குள் வரவேண்டும். பத்து நாள் கழித்துக் குறிப்பைப் பார்க்காமல் திரும்பச் செய்யுங்கள். உத்தியோகபூர்வ மாதிரிப் பரீட்சைகள் இரண்டு இலவசம். ஒன்றைத் தொடக்கத்திலும் மற்றதைக் கடைசி மாதத்திலும் வையுங்கள். ரியூட்டரிகள் தரும் மாதிரிகளின் புள்ளியை நம்பித் திகதி குறிக்கவேண்டாம்.

பதிவில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கவேண்டும். முதலெழுத்தும் தகப்பன் பெயரும் முன்பின்னாக எழுதுவது எங்கள் வழக்கம் என்பதால் இங்கே நிறையப் பேர் சிக்குகிறார்கள். குடும்பப் பெயர் என்று கடவுச்சீட்டில் எது இருக்கிறதோ அதையே எழுத்துக்கு எழுத்து இடுங்கள். கட்டணம் டொலரில், ஆகவே வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலே கேட்டுவிடுங்கள். வீட்டிலிருந்து எழுதுவதானால் றவுற்றருக்கு யூபிஎஸ் வேண்டும். மின்வெட்டில் இணைப்பு அறுந்தால் பரீட்சையே நின்றுபோகலாம். கொழும்பில் நிலையத்தில் எழுதுவதானால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் இரவு பஸ்ஸில் போய் இறங்கி நேரே உள்ளே போகாமல், முதல் நாளே போய் நித்திரை கொள்ளுங்கள்.

இரண்டு முயற்சிகளுக்கிடையே குறைந்தது 16 நாள் இடைவெளி வேண்டும், 12 மாதத்தில் ஐந்து முறைதான் எழுதலாம். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இரண்டு மாதம் முன்னதாக முதல் முயற்சியைப் பதிந்தால், தேவைப்பட்டால் பலவீனமான ஒரு பகுதியை மட்டும் நான்கு வாரம் திருத்தி, அவசரமில்லாமல் இரண்டாம் முறை எழுத இடமிருக்கும்.