பார்க்க வராதீங்க, வேலையைப் பங்கு போட்டுக்கோங்க

ஒரு குழந்தைக்கு கேன்சர்னு கேள்விப்பட்டதும் சொந்தக்காரங்க ஹார்லிக்ஸ், ஆப்பிள் வாங்கிட்டு கிளம்பி வந்து கட்டிலைச் சுத்தி நின்னு அழுறாங்க. பாசம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா கீமோ போற குழந்தைக்கு கவுண்ட், அதாவது நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்களோட எண்ணிக்கை, இறங்கிக் கிடக்கும், யாரோ ஒருத்தர் சளியோட வந்துட்டுப் போனாலே காய்ச்சல் வந்துடும், தெர்மாமீட்டர்ல 100.4 காட்டிச்சுன்னா நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். எங்க அக்கா பையனுக்கு ரத்தப் புற்றுநோய் ட்ரீட்மெண்ட் நடந்தப்போ சென்னைல அவங்ககூட இருந்தவ நான், அதனாலதான் இவ்வளவு உரிமையா சொல்றேன்.

ஏ.எல்.எல்.னு சொல்ற இந்த வகைக்கு ட்ரீட்மெண்ட் ரெண்டு, ரெண்டரை வருஷம் போகும். முதல் சில மாசம் ஊர்ப்பக்கமே திரும்ப முடியாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் கவராகுது, பெரிய விஷயம் அது. ஆனா ரூம் வாடகை, மூணு வேளை சாப்பாடு, ஆட்டோ எல்லாம் கைக்காசுதான். மாமா தறி ஓட்டுறவர், தறில உட்கார்ந்தாதான் கூலி.

வாடகைக்கு ரூம் தேடுனப்போ பையனோட மொட்டைத் தலையைப் பார்த்துட்டு ஒரு ஹவுஸ் ஓனர் "வேற இடம் பாருங்கம்மா"ன்னுட்டார். அது ஒட்டுற வியாதி இல்லைங்க. இன்னும் எத்தனை பேர் இப்படி நினைக்கிறாங்களோ, நெனச்சாலே வயிறு எரியுது.

ரூம் கிடைச்சாலும் அடுப்பு பத்த வைக்க விடணும். ஸ்டீராய்டு குடுக்கிற வாரங்கள்ல அந்தப் பசி எப்படி இருக்கும்னு பார்த்தவங்களுக்குத்தான் தெரியும், ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி "அம்மா தோசை, காரச் சட்னியோட"ன்னு கேப்பான், கடைச் சாப்பாடு குடுக்கக்கூடாது, அக்கா அந்நேரத்துக்கு வெங்காயம் உரிச்சு வதக்கி அரைச்சுக் குடுப்பா, நாலு தோசை சாப்பிட்டுட்டு அரை மணி நேரத்துல மறுபடி கேப்பான். செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ்னு 2006-ல மும்பைல ஆரம்பிச்சாங்க, சென்னைலயும் இருக்கு, குடும்பத்தோட இலவசமா தங்கலாம், சமைச்சுக்கலாம். ஆஸ்பத்திரி சோஷியல் ஒர்க்கர்கிட்ட முதல் நாளே கேளுங்க. ரயில் சலுகையும் கேளுங்க, ட்ரீட்மெண்ட்டுக்குப் போற கேன்சர் பேஷண்டுக்கு ஸ்லீப்பர்ல, தேர்ட் ஏசில டிக்கெட் இலவசம், கூடப் போற ஒருத்தருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.

இதெல்லாம் சின்ன விஷயமா தெரியலாம். பணக்கார நாடுகள்ல கேன்சர் வர்ற குழந்தைங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல குணமாகுறாங்க, ஏழை நாடுகள்ல 30 சதவீதம்கூட இல்லன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுக்கு ஒரு காரணம் குடும்பங்க ட்ரீட்மெண்டைப் பாதில விட்டுட்டுப் போயிடறது. பஸ் காசும் வாடகையும் இல்லாம, ஊர்ல மத்த பிள்ளைங்களைப் பார்க்க ஆள் இல்லாமதான் பல பேர் கிளம்பிடறாங்க, பிள்ளை மேல பாசம் இல்லாம இல்ல.

அந்த மத்த பிள்ளைங்களை யாருமே நினைக்கிறதில்ல. அக்கா பொண்ணு ஊர்ல பாட்டிகூட இருந்தா, எல்லாரும் "தம்பி எப்படி இருக்கான்"னுதான் அவகிட்ட கேட்டாங்க. பக்கத்து வீட்டு டீச்சர் ஒருத்தங்கதான் தினமும் கூட்டிட்டுப் போய் ஹோம்வொர்க் பண்ண வெச்சு, தலை பின்னி, பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கும் போயிட்டு வந்தாங்க. அக்கா இன்னிக்கும் அவங்களைத்தான் கையெடுத்துக் கும்பிடுறா.

அப்புறம் பிளேட்லெட், ரத்தம் உறையறதுக்கு உதவுற தட்டணுக்கள். கீமோவால இதுவும் குறைஞ்சுடும், வெளில இருந்து ஏத்தணும். எடுத்து வெச்சா அஞ்சு நாள்தான் தாங்கும், அதனால தேவைப்படும்போதெல்லாம் புதுசா டோனர் தேடணும். வாட்ஸ்அப்ல மெசேஜை ஃபார்வர்ட் பண்ணிட்டு விட்டுடாதீங்க. அந்த அப்பாகிட்ட பேரு, பிளட் குரூப், போன் நம்பர், எந்தெந்த நாள் வர முடியும்னு இப்பவே எழுதிக் குடுத்துடுங்க. மூணு நாளைக்குள்ள ஆஸ்பிரின் போட்டிருந்தா அதையும் முன்கூட்டியே சொல்லிடுங்க. முக்கியமா, அவர் கூப்பிடும்போது போனை எடுங்க.