திரையில் 90 டிகிரி, திசுவில் எவ்வளவு?

ஆர்.எஃப். அப்லேஷன் என்பது உயர் அதிர்வெண் மின்சாரத்தைத் திசுவுக்குள் செலுத்தி, அந்தச் சூட்டில் செல்களைச் சாகடிக்கும் முறை. வெப்பநிலையை அளந்து அதற்கேற்பப் பவரைக் கூட்டிக் குறைக்கும் ஃபீட்பேக் கண்ட்ரோலை அதற்குச் சேர்ப்பதில், கண்ட்ரோலர் எழுதுவது சீக்கிரமே முடிந்துவிடும். ஒரு பி.ஐ. கண்ட்ரோலர் (இலக்குக்கு எவ்வளவு குறைகிறது என்பதையும், அந்தக் குறை சேர்ந்துகொண்டே வரும் கூட்டுத்தொகையான இன்டெக்ரலையும் பார்த்துப் பவரைத் தீர்மானிப்பது), பவருக்கு ஒரு உச்ச வரம்பு, ஒரு அவசர நிறுத்தம், அவ்வளவுதான். அந்தக் கண்ட்ரோலருக்கு உண்மையான வெப்பநிலையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. ஆய்வகத்தில் மாட்டு ஈரலை வைத்து இதைச் செய்து முடித்த கையோடு எழுதுகிறேன். எரிச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை. ஒழுங்காக நடந்ததையெல்லாம் ஒரு வரியில் தாண்டிப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முட்டுக்கட்டை காகிதம். இறைச்சிக்காக ஏற்கெனவே அறுத்த மாட்டின் ஈரல்தான் நான் கேட்டது. ஆனாலும் விலங்குப் பரிசோதனைக்கான முழு ஃபார்மையும் நிரப்பச் சொன்னார்கள். அதில் ‘மயக்க மருந்தின் பெயர், அளவு’ என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் சிஸ்டம் ஏற்கவில்லை. “பொருந்தாது என்று போடலாமா?” என்று கேட்டேன். “அந்தப் பெயரில் லிஸ்டில் மருந்து இல்லையே சார்” என்றார் அலுவலர். சிரிக்கவும் இல்லை. கடைசியில் நெறிமுறைக் குழுவின் செயலரைப் பிடித்து, ‘உயிருள்ள விலங்கு இதில் இல்லை, அனுமதி தேவையில்லை’ என்று இரண்டு வரிக் கடிதம் வாங்கியதும் எல்லாம் நகர்ந்தது. நீங்கள் முதலிலேயே அந்தக் கடிதத்தைக் கேட்டுவிடுங்கள். கூடவே, மிஞ்சும் திசுவை எப்படி அப்புறப்படுத்துவீர்கள் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வி அதுதான்.

காத்திருந்த நேரம் வீணாகவில்லை. முட்டை வெள்ளைக்கரு கலந்த பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் ஓட்டிப் பார்த்தேன். எங்கே வெந்ததோ அங்கே வெள்ளையாகிவிடும், கண்ணால் பார்க்கலாம். ஜெல்லாக உறைவதற்கு முன் அக்ரிலமைடு நரம்புக்கு நஞ்சு. கையுறையும் புகைக்கூண்டும் இல்லாமல் தொடாதீர்கள்.

அடுத்தது தெர்மோகப்பிள், அதாவது இரண்டு உலோகக் கம்பிகள் சேரும் முனையின் சூட்டைச் சின்ன வோல்டேஜாகத் தரும் சென்சர். இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. 100 ஓம் திசுவில் 50 வாட் செலுத்தினால் மின்முனையில் சுமார் 70 வோல்ட் இருக்கும், அதுவும் ஏறக்குறைய 500 கிலோஹெர்ட்ஸில். பக்கத்திலேயே செருகியிருக்கும் கே வகைத் தெர்மோகப்பிள் தருவது டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட். அந்த 70 வோல்ட்டில் ஒரு துளி உள்ளே கசிந்தாலும் போதும், காட்டும் எண் எல்லாம் கற்பனை. எனக்கு ஆர்.எஃப். ஆன் ஆன கணமே வெப்பநிலை பல டிகிரி எகிறியது. கண்ட்ரோலர் பயந்து பவரை நிறுத்தும், உடனே எண் கீழே விழும், மறுபடி ஆன். ஈரல் அவ்வளவு வேகமாகச் சூடாகி அவ்வளவு வேகமாக ஆறாது என்பது பார்த்தாலே தெரிகிறது.

காரணம், வந்த சரக்கு. முனைச் சந்தி உறையிலிருந்து தனித்திருக்கும் வகையைத்தான் ஆர்டர் செய்திருந்தோம். உறையோடு ஒட்டவைத்த வகை வந்திருந்தது. அதில் உலோக உறை பிடிக்கும் ஆர்.எஃப். நேராகக் கம்பிக்குள் போய்விடும். விற்றவரிடம் சொன்னால், “ஐஸ் தண்ணீரில் 0 காட்டுகிறதே, அப்புறம் என்ன?” என்கிறார். ஐஸ் தண்ணீரில் இரண்டு வகையும் 0தான் காட்டும்! பெட்டியைப் பிரித்ததும் மல்டிமீட்டரை எடுத்து உறைக்கும் கம்பிக்கும் நடுவே தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பீப் அடித்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சரியான சரக்கு வந்த பிறகும் தனிமைப்படுத்திய ஆம்ப்ளிஃபயரும், அதன் வாசலிலேயே ஒரு ஃபில்டரும் தேவைப்பட்டன. எல்லாவற்றையும்விடக் கைகொடுத்தது ஒரு எளிய வழி: ஆர்.எஃப்.-ஐச் சில மில்லிசெகண்டு நிறுத்தி, அந்த இடைவெளியில் மட்டும் வெப்பநிலையைப் படிப்பது. அவ்வளவு நேரத்தில் திசு ஒன்றும் ஆறிவிடாது. ஃபைபர் ஆப்டிக் சென்சர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, ஆனால் விலையும் அதிகம், அதிகம் வளைத்தால் ஒடிந்தும் போகும்.

ஆர்.எஃப். தரும் ஜெனரேட்டர் தன் பங்குக்கு ஒரு கதை வைத்திருந்தது. வெளியிலிருந்து 0 முதல் 5 வோல்ட் கொடுத்து இயக்கலாம் என்று கையேடு சொல்கிறது. அந்த 5 வோல்ட் எதைக் கட்டுப்படுத்துகிறது என்று சொல்ல வேண்டிய பக்கம் அதில் இல்லை. கேட்டால், சர்வீஸ் ஆட்களுக்கு மட்டும்தான் அது கிடைக்குமாம். டம்மி ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் போட்டு நானே கண்டுபிடித்தேன்: அது பவரை அல்ல, வோல்டேஜைத்தான் மாற்றுகிறது. இது சின்ன விஷயமில்லை. திசு ஒரு டிகிரி சூடானால் அதன் மின்கடத்துதிறன் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். வோல்டேஜ் மாறாமல் இருந்தால், சூடாகச் சூடாகப் பவரும் தானே ஏறிக்கொண்டு போகும். அதனால் வோல்டேஜையும் கரண்டையும் அளந்து, பவரை நிலையாக வைக்கும் உள்சுற்று ஒன்றைப் போட்டேன். வெப்பநிலைக் கண்ட்ரோலர் அதற்கு வெளியே. அன்றைக்குத்தான் வளைகோடு முதல்முறையாக அடங்கி உட்கார்ந்தது.

ஆனாலும் 90 டிகிரி இலக்கு வைத்தால் 100-ஐத் தாண்டியது. சென்சர் மெதுவாகத்தான் சூடேறும். அதுவரை கண்ட்ரோலரின் இன்டெக்ரல் பகுதி, வராத பாக்கியை எல்லாம் வட்டிக் கடைக்காரர் போல ஏட்டில் ஏற்றிக்கொண்டே இருக்கும். இலக்கு வந்த பிறகும் அந்த பாக்கியை வசூலிக்காமல் விடாது. ஆய்வகக் கருவியோடு வந்த மென்பொருளில் இதைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. பவர் உச்ச வரம்பைத் தொட்டதும் கூட்டுவதை நிறுத்தும் வரியை நான்தான் சேர்க்க வேண்டியிருந்தது.

100-ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்பதைக் காதாலேயே கேட்கலாம். திசுவில் இருக்கும் நீர் ஆவியாகி ‘டப்’ என்று வெடிக்கும். மின்முனையைச் சுற்றி ஆவியும் கரியும் சூழ்ந்து இம்பீடன்ஸ் (மின்சாரத்துக்கு எதிர்ப்பு) மளமளவென்று ஏறும், கரண்ட் ஓடாது, வெப்பநிலை இறங்கும். வெப்பநிலையை மட்டும் பார்க்கிற கண்ட்ரோலர் அதைக் கண்டு இன்னும் பவர் கேட்கும்! அதனால் இம்பீடன்ஸையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். தொட்ட மிகக் குறைந்த அளவிலிருந்து 10 ஓம் ஏறினால் பவரை நிறுத்தி, 15 செகண்டு பொறுத்து, குறைந்த பவரில் மறுபடி தொடங்கும்படி வைத்தேன். மருத்துவமனைக் கருவிகளிலும் வெப்பநிலையைப் பார்த்து ஓடுகிறவை உண்டு, இம்பீடன்ஸைப் பார்த்து ஓடுகிறவையும் உண்டு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு மின்முனையில் ஒட்டிய கரியைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த ஓட்டம் தொடக்கத்திலேயே கெட்டுவிடும்.

எல்லாம் சரியானதும் திரையில் 90 டிகிரி, கோடு போட்ட மாதிரி. ஈரலை வெட்டினால் ஒரு பக்கம் வெந்த பகுதி குறுகிக் கிடக்கிறது. சிறிய மின்முனையைச் சுற்றி மின்சாரம் நேரடியாகத் தரும் சூடு, தூரத்தின் நான்காம் அடுக்கில் குறையும். அதைத் தாண்டினால் கடத்தலால் பரவும் சூடுதான். அதாவது, என் கண்ட்ரோலர் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டது சென்சர் இருந்த அந்த ஒரு புள்ளியை மட்டும். உள்ளே குளிர்நீர் ஓடும் மின்முனையாக இருந்தால் இன்னும் மோசம், அதில் பதித்த சென்சர் நீரின் வெப்பத்தைத்தான் அதிகம் காட்டும். இதயத்தில் பயன்படுத்தும் நீர்பாயும் கதீட்டரிலும் இதே சிக்கல்தான்.

செல்கள் சாக 50 டிகிரி சில நிமிடம் நீடித்தால் போதும். 60-ஐத் தாண்டினால் கிட்டத்தட்ட உடனே. அப்படியென்றால் நமக்கு முக்கியம் விளிம்பு. இரண்டாவது சென்சரை 10 மில்லிமீட்டர் தள்ளிச் செருகி, அதையே இலக்காக்கினேன். மின்முனைச் சென்சருக்கு மேல்வரம்பு காக்கும் வேலை மட்டும். சூடு அங்கே போய்ச் சேரத் தாமதமாகும் என்பதால் கண்ட்ரோலரின் வேகத்தை நன்றாகவே குறைக்க வேண்டியிருந்தது. வெந்த பகுதியின் அளவு ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவது கண்கூடாகக் குறைந்தது.

எல்லையைத் தெளிவாகப் பார்க்க டி.டி.சி. சாயத்தில் ஊறவையுங்கள். உயிர்ப்புள்ள திசு சிவக்கும், செத்தது வெளுத்தே இருக்கும். ஈரல் புதிதாக இருந்தால்தான் இது வேலை செய்யும், ஃபிரிட்ஜில் நாள்பட்டதில் எதுவும் சிவக்காது. ஈரலை உப்பு நீரில் வைத்து 37 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே ஓட்டத்தைத் தொடங்குங்கள். இந்த எண்களை அப்படியே உயிருள்ள உடலுக்கும் பொருத்திவிட வேண்டாம். உடல் திசுவில் சூடு பரவுவதற்கு பென்னஸ் 1948-இல் தந்த சமன்பாட்டில் ரத்த ஓட்டத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு, நம் ஈரலில் அது பூஜ்யம். நிஜத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ரத்தக்குழாய் பக்கத்தில் ஓடினாலே சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும்.

மதிப்பாய்வில் ஒருவர், “மின்முனை வெப்பநிலை ஏன் இப்படி ஆடுகிறது? முந்தைய வரைபடம் நேராக இருந்ததே” என்றார். பதில் சொல்லாமல் இரண்டு ஈரல் துண்டுகளின் படத்தையும் அருகருகே போட்டேன். நேர்க்கோடு வந்த ஓட்டத்தில் ஒரு பக்கம் குறுகியிருந்தது. ஆடிய கோட்டின் துண்டு வட்டமாக இருந்தது. அளவுகோல் எங்கே என்று கேட்டார். படத்திலேயே வைத்திருந்தேன்.