சாத்தூர்க்காரன் சொன்னது யார் காதிலும் விழவில்லை

பிபிஏ இரண்டாம் வருடத்தில் எங்களுக்குச் சிறுகுழுத் தொடர்பியல் என்று ஒரு பேப்பர் வந்தது. "சும்மா கதை எழுதுற பேப்பர்டா, முந்தின நாள் ராத்திரி படிச்சாப் போதும்" என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். மேடம் முதல் வகுப்பிலேயே அந்த ஆசையில் மண்ணைப் போட்டார். இன்டர்னல் மார்க்கில் பாதி குழு வேலைக்கு, குழுவும் ரோல் நம்பர் வரிசைப்படிதான், கூட்டாளிகளோடு சேர்ந்துகொள்ளும் பேச்சே கிடையாது. ஒரு வருடமாக ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தும் நான் நாலு வார்த்தை பேசியிராத ஐந்து பேரோடு என்னைக் கோர்த்துவிட்டார்கள்.

காலேஜுக்குள் இருக்கிற ஏதாவது ஒரு சிக்கலை எடுத்து, காரணத்தைக் கண்டுபிடித்து, ஒரு வழி சொல்ல வேண்டும். நாங்கள் எடுத்தது கேன்டீன் வரிசை. மதியச் சாப்பாட்டு நேரம் மொத்தமே முக்கால் மணி நேரம்தான், அதில் இருபது நிமிடம் வரிசையிலேயே போய்விடும். காலேஜுக்குள் போன் கூடாது என்பதால் ஜிபே எல்லாம் கிடையாது, காசு கொடுத்து டோக்கன் வாங்கித்தான் சாப்பிட வேண்டும்.

என்னை யாரும் தலைவனாக்கவில்லை. முதல் கூட்டத்தில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முதலில் வாயைத் திறந்தேன், அவ்வளவுதான், அதோடு தலைவன் ஆகிவிட்டேன். பத்தே நிமிடத்தில் "இன்னொரு கவுன்ட்டர் போடணும், அதான் தீர்வு" என்று முடிவும் சொல்லியாயிற்று. ஒரு நாள் கூட வரிசையைப் போய்ப் பார்க்கவில்லை. அன்று ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் எல்லாரிடமும் சம்மதம் கேட்டேன், நாலு கட்டைவிரல் வந்தது. எங்கள் குழுவில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த சாத்தூர்க்காரனிடமிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. சரி, மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். ஹாஸ்டலில் ராத்திரி எட்டு மணிக்கே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது டே ஸ்காலரான எனக்கு எப்படித் தெரியும்? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், கேட்கவில்லை.

அடுத்த வாரத்துக்குள் வரிசையில் நிற்பவர்களை எண்ண வேண்டும். "எல்லாரும் சேர்ந்து பண்ணிருவோம்" என்று பிரிந்தோம். ஒருத்தரும் பண்ணவில்லை. நான் உட்படத்தான். ஆனால் கத்தினது நான். "நீ எண்ணுவன்னு நெனச்சேன்", "நீதான லீடரு" என்று ஆளாளுக்கு ஆரம்பித்து, கடைசியில் ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே போய்விட்டாள்.

இதை மேடத்திடம் புகாராகக் கொண்டுபோனபோது அவர் சிரித்துக்கொண்டே ஒரு கயிற்றுக் கதை சொன்னார். பிரான்சில் ரிங்கல்மான் என்றொரு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து பார்த்து 1913-இல் எழுதியிருக்கிறார். எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது, ஆளுக்கு ஆள் தனியாக இழுத்த பலத்தில் ஏறத்தாழ பாதிதான் வந்ததாம். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. தேர் வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும், வடத்தில் கை வைத்திருப்பவன் எல்லாம் இழுக்கிறான் என்றா அர்த்தம்? பாதிப் பேர் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கூடவே நடந்து வருபவர்கள்தான். அன்றிலிருந்து அரைப் பக்கத் தாளில் யார், எதை, எந்தக் கிழமைக்குள் என்று பெயர் போட்டு எழுத ஆரம்பித்தோம். அது வேலை செய்தது, அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு உறைத்தது மூன்றாவது கூட்டத்துக்கு அப்புறம்தான். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் வாயே திறக்காமல், மற்றவர்கள் பேசுவதைக் கோடு போட்டு எண்ண வேண்டும் என்றார் மேடம். ஹார்வர்டில் பேல்ஸ் என்பவர் குழுவில் நடக்கும் பேச்சைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்து எண்ணும் ஒரு முறையை 1950-இல் கொண்டுவந்தார். எங்களுக்கு அதைச் சுருக்கி ஐந்து கட்டமாக்கிக் கொடுத்தார்கள்: தகவல் சொன்னது, யோசனை சொன்னது, கேள்வி கேட்டது, ஒத்துக்கொண்டது, மறுத்தது. எங்கள் குழுவில் எண்ணியது, பையைத் தூக்கிக்கொண்டு போனாளே, அவள்தான்.

கூட்டம் முடிந்ததும் தாளை என் முன்னால் வைத்தாள். நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு, நாலு கோடு குறுக்கே ஒரு கோடு என்று என் வரிசை வயல்வெளியில் நட்ட வேலி மாதிரி ஓடுகிறது. நாற்பத்தேழு. மற்ற நாலு பேரையும் சேர்த்தாலும் அவ்வளவு வரவில்லை. கேள்வி கேட்ட கட்டத்தில் மட்டும் எனக்கு இரண்டே கோடு, அதில் ஒன்று "ஃபேன் ஸ்விட்ச் எங்க இருக்கு?" என்று கேட்டதற்காம். ரொம்ப நேர்மையாக எண்ணியிருக்கிறாள்.

சாத்தூர்க்காரனின் வரிசையில் ஒரே ஒரு கோடு, யோசனைக் கட்டத்தில். பக்கத்தில் பென்சிலால் "பாக்கி" என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்.

"இது என்ன?"

"அவன் ஏதோ பாக்கின்னு ஆரம்பிச்சான். நீ நடுவுல பூந்து கவுன்ட்டருக்கு எவ்வளவு செலவாகும்னு பேச ஆரம்பிச்சுட்ட. யாருமே அவனத் திரும்பிப் பாக்கல."

எனக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. அப்படி ஒன்று நடந்ததாகவே தோன்றவில்லை, அதுதான் உறுத்தியது. மறுநாள் அவனைப் பிடித்துக் கேட்டேன். கூச்சப்பட்டுக்கொண்டேதான் சொன்னான்: "வரிசையில நிக்கிறதுல பாதிப் பேரு சாப்பாடு வாங்க நிக்கலடா. பாக்கி வாங்க நிக்கிறாய்ங்க."

விஷயம் இதுதான். நாற்பது ரூபாய்ச் சாப்பாட்டுக்கு நூறு ரூபாயை நீட்டினால் கல்லாவில் இருக்கும் அண்ணன் சில்லறை இல்லை என்று டோக்கனுக்குப் பின்னால் அறுபது என்று எழுதிக் கொடுத்துவிடுவார், பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதுவாரே, அதே மாதிரி. சாப்பிட்டுவிட்டு வந்து அந்தக் காசை வாங்குவதற்கும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். லீவில் மாமாவின் ஹோட்டலில் கல்லாவில் உட்கார்ந்து பழகியவன் என்பதால் பார்த்ததும் இவனுக்குப் பிடிபட்டிருக்கிறது. அப்புறம் இரண்டு நாள் நாங்களே போய் நின்று எண்ணினோம். பாதி என்று அவன் சொன்னது கொஞ்சம் மிகை, ஆனால் மூன்றில் ஒருவர் கையில் பழைய டோக்கன் இருந்தது. நான் கேட்ட இன்னொரு கவுன்ட்டரைப் போட்டிருந்தாலும் அந்த வரிசையும் பாக்கிக்காரர்களால்தான் நிரம்பியிருக்கும்.

இதற்கும் மேடத்திடம் ஒரு ஆராய்ச்சி இருந்தது. ஸ்டாசர், டைட்டஸ் என்ற இருவர் 1985-இல் வெளியிட்டது. குழுவில் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திரும்பத் திரும்பப் பேசுவார்களாம், ஒருவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம் பெரும்பாலும் வெளியே வராமலே போய்விடுமாம். முதல் வாரமே இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "முதல் வாரம் சொன்னேன், நீதான் பேசிக்கிட்டு இருந்த" என்றார். வகுப்பே சிரித்தது.

அப்புறம் சில பழக்கங்களை மாற்றினோம். முடிவு எடுக்கும் முன் வரிசையாக ஆளுக்கு ஒரு நிமிடம், நான் கடைசியில். ராத்திரி வாட்ஸ்அப்பில் எந்த முடிவும் கிடையாது. எதிர்த்துப் பேசுவதற்கு முன்னால் எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததையும் முயற்சி பண்ணினோம், அது மட்டும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. "அதாவது நீ என்ன சொல்ல வர்றேன்னா" என்று ஆரம்பித்தாலே ஒருத்தன் மிமிக்ரி பண்ண, எல்லாரும் சிரிக்க, வேலை கெட்டது. கடைசியில் கைக்கு ஒத்து வந்தது ஒரு சின்ன வழி: ஒருவன் சொல்வதற்கு யாரும் பதில் பேசவில்லை என்றால் எண்ணுகிறவர் பேனாவால் மேசையைத் தட்டுவார். இரண்டு கூட்டத்தில் எனக்கு மேசைச் சத்தம் கேட்டாலே வாய் தானாக மூடிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது.

கேன்டீன் அண்ணனிடம் போய்ப் பேசியதும் சாத்தூர்க்காரன்தான். நான் போயிருந்தால் பிரசங்கம் பண்ணியிருப்பேன். அவன் "அண்ணே, பாக்கிக்கு மட்டும் ஓரமா ஒரு மேசை போட்டுப் பாப்பமா, நாங்களே உக்காந்து குடுக்கிறோம்" என்று கேட்டான். மூன்று நாள் நடந்தது. வரிசை கண்ணுக்குத் தெரிந்து சுருங்கியது, இருபது நிமிடம் பன்னிரண்டாக ஆனது. அதை வைத்துத்தான் பிபிடி போட்டோம், மார்க்கும் நன்றாகவே வந்தது. ஆனால் செமஸ்டர் முடிந்ததும் மேசையில் உட்கார ஆள் இல்லை, அண்ணனும் மறுபடி டோக்கனுக்குப் பின்னால் எழுத ஆரம்பித்துவிட்டார். கடைசி நாள் அவர் எழுதிக் கொடுத்த பதினைந்து ரூபாய் டோக்கன் ஒன்று இன்னும் என் பர்ஸில் கிடக்கிறது.