கடற்கரைக்கு ஓடிய ஓடிபி

எங்கள் ஊர் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே, தென்கடல் ஓரம். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் வல்லத்தில், அதாவது நாட்டுப் படகில், மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். ஊருக்குள் டவர் நிற்காது. வல்லங்களை ஏற்றி வைத்திருக்கும் மணல் மேட்டில் ஏறினால் இரண்டு கோடு வரும். அந்த மேட்டில்தான் துபாய்க்கும் மலேசியாவுக்கும் பேசுவோம், பிள்ளைகள் ரிசல்ட் பார்க்கும்.

இதை ஒரு குறையாகவே நாங்கள் நினைத்ததில்லை. நினைக்க வைத்தது கடற்பாசி எடுக்கும் பெண்களின் விரல்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள் அவர்கள் தீவுப் பக்கம் போய் மூழ்கிப் பாசி எடுப்பார்கள். விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள், இருந்தாலும் பாறை விடாது. உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி ரேகையே வழுவழுவென்று ஆகிவிடும். என் கடையில் கைரேகைக் கருவியில் ஒரு மதினி பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். பத்தும் தோற்றது. ரேகை விழாவிட்டால் ஓடிபி, ஓடிபி வேண்டுமென்றால் டவர், டவர் வேண்டுமென்றால் மணல் மேடு. அவர் மகன் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுவான், எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு திரும்ப ஓடி வருவான், அதற்குள் நேரம் முடிந்திருக்கும். அன்றைக்கு மூன்று தடவை ஓடினான்.

2023இல் ராமநாதபுரத்தில் ஒரு நாள் கூட்டத்துக்கு மகளிர் குழு மூலமாகப் போனேன். இணைய உரிமைக்காக வேலை செய்கிற தன்னார்வலர்கள் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்திருந்தார்கள். இப்படி ஆட்கள் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். 2015இல் 'எல்லா இணையதளமும் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்க வேண்டும்' என்று பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய்க்குப் போனதாம். அந்த இயக்கத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்கிற அமைப்பு. எனக்கு அதெல்லாம் டெல்லிக் கதையாகத்தான் பட்டது. காதைத் தீட்டியது பிஎம்-வாணி என்ற பேச்சு வந்தபோதுதான்.

பழைய எஸ்டிடி பூத் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம். டீக்கடையோ பெட்டிக்கடையோ, யார் வேண்டுமானாலும் வைஃபை வைத்துச் சில்லறையாக விற்கலாம். உரிமம் வேண்டாம், துறையில் பதிய வேண்டாம், கட்டணமும் இல்லை. கடைக்காரருக்குப் பெயர் பிடிஓ. விரித்துச் சொன்னால் பொதுத் தரவு அலுவலகம்! என் எட்டடிக் கடைக்கு அப்படி ஒரு பெயர். பல கடைகளைச் சேர்த்து, ஆட்களைச் சரிபார்ப்பதையும் கணக்கையும் பார்க்கிறவர் திரட்டுநர். அவர்தான் தொலைத்தொடர்புத் துறையில் பதிய வேண்டும். வாடிக்கையாளர் ஒரு ஆப் போட்டு, ஓடிபி கொடுத்து, ஐந்து ரூபாய்க்கோ பத்து ரூபாய்க்கோ கூப்பன் வாங்கிக்கொள்ளலாம்.

சரி, செய்துவிடலாம் என்று கிளம்பினேன். திரட்டுநர் கிடைத்தார், ஒரே நாளில் சேர்த்துக்கொண்டார். ரவுட்டருக்குக் குழுக் கடன். மாட்டிக்கொண்டது மூலப் பொருளில், அதாவது இணைப்பில். கேபிள் கம்பெனிக்காரரிடம் போனபோது, "வீட்டுக்கா, கடைக்கா?" என்றார். கடையில் வைத்து ஊருக்கு விற்கப் போகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். அதுதான் தப்பாகப் போயிற்று. "அப்படியென்றால் கமர்ஷியல். லீஸ் லைன்தான் எடுக்கணும்" என்று, கம்பெனிகளுக்குக் கொடுக்கிற தனி இணைப்புக்கான ஒரு விலைப்பட்டியல் அனுப்பினார்கள். ஒரு வருடத்துக்கான தொகைக்கு ஒரு பழைய வல்லமே வாங்கிவிடலாம். பத்து ரூபாய்க் கூப்பனை எத்தனை தலைமுறை விற்று அதைக் கட்டுவது? "பேசாம வீட்டுக்குன்னு சொல்லி வாங்குங்க அக்கா, யாரு பாக்கப் போறா" என்று அந்தத் தம்பியே யோசனையும் சொன்னார். மனசு கேட்கவில்லை. கூட்டத்தில் கொடுத்த எண்ணுக்குப் போன் போட்டேன்.

இந்தப் பிரச்சினை எனக்கு மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நாடு முழுக்க வாணிக் கடைகள் பெருகாமல் நிற்பதற்கு இதுவே பெரிய காரணமாம். 2024 ஆகஸ்டில் ட்ராய் ஒரு வரைவு போட்டது: வீட்டு இணைப்புக்கு என்ன கட்டணமோ அதையே இந்தக் கடைகளுக்கும் வாங்க வேண்டும் என்று. தொலைத்தொடர்புக் கம்பெனிகள் எதிர்த்தன. பொதுமக்களும் கருத்து அனுப்பலாம் என்று தன்னார்வலர் ஒருவர் அழைத்துச் சொன்னார். "எனக்கென்ன தெரியும், நான் என்ன எழுத?" என்றேன். "சட்டமெல்லாம் எழுத வேண்டாம் அக்கா, உங்களுக்கு நடந்ததை எழுதுங்க. மீதியை நாங்க பார்த்துக்கிறோம்" என்றார். மதினியின் பத்து விரல், பையனின் மூன்று ஓட்டம், வல்லத்து விலையில் வந்த பட்டியல், எல்லாவற்றையும் ஒன்றரைப் பக்கம் தமிழில் எழுதினேன். இன்னும் சில கடைக்காரர்களின் கடிதங்களோடு சேர்த்து ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பினார்கள். விலைப்பட்டியலையும் இணைக்கச் சொன்னார்கள். கம்பெனி பெயரைக் கறுப்படித்துத்தான் கொடுத்தேன், நாளைக்கு அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டுமே.

எங்கள் கடிதத்தால்தான் ஆணை வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்தது, 2025 ஜூனில். 200 எம்பிபிஎஸ் வேகம் வரைக்கும், அதே வேகத்து வீட்டு இணைப்பின் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. வரைவில் சொன்னது முழுசாகக் கிடைக்கவில்லை என்று தன்னார்வலர்களுக்கு வருத்தம். எனக்கோ வல்லத்து விலை இறங்கி ஒரு நல்ல வலையின் விலைக்கு வந்ததே பெரிய சங்கதி. ஆணையை அச்செடுத்துக்கொண்டு போனேன். அந்தத் தம்பி நின்றபடியே இரண்டு பக்கம் படித்துவிட்டு, "இது எங்களுக்கே இன்னும் வரலையே அக்கா" என்றார். மேலிடத்துக்கு மின்னஞ்சல், நினைவூட்டல், மறுபடி நினைவூட்டல். புகார் கொடுத்தால் டாக்கெட் எண், அதாவது புகாரின் பதிவு எண், வாங்காமல் போனை வைக்காதே, பதிலில் திருப்தி இல்லாவிட்டால் அதே கம்பெனியில் மேல்முறையீடு உண்டு, அதற்குக் காசு கிடையாது என்று தன்னார்வலர் சொல்லிக் கொடுத்திருந்தார். மேல்முறையீடு வரை போகவில்லை. டாக்கெட் எண்ணை நான் ஒப்பித்ததிலேயே ஆள் வந்துவிட்டார்.

இணைப்பு வந்த முதல் நாள் சிரிப்பாய்ச் சிரித்தோம். வைஃபை ஜம்மென்று ஓடுகிறது, ஆனால் ஆப்பில் நுழைய ஓடிபி வேண்டும். ஓடிபி குறுஞ்செய்தியாக வரும், குறுஞ்செய்திக்கு டவர்! பையன் மறுபடி மேட்டுக்கு ஓடினான். இதை எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்லவில்லை. கடைசியில் நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். முதல் பதிவை மேட்டிலேயே உட்கார்ந்து முடித்துவிட வேண்டியது. பிறகு கடைக்கு வந்து போனில் 'வைஃபை காலிங்' என்பதைத் தட்டிவிட்டால், அந்த வசதி உள்ள போன்களில் அழைப்பும் குறுஞ்செய்தியும் வைஃபை வழியாகவே வரும். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு இன்றும் மேடுதான்.

கூப்பன் விற்பனை தொடங்கியதும், "வாட்ஸப் மட்டும் ஓடுற மாதிரி ரெண்டு ரூபாய்க்குக் குடுத்தா என்ன?" என்று ஒரு அண்ணன் கேட்டார். நல்ல யோசனையாகவே பட்டது. கூடாது என்றார் தன்னார்வலர். பார்க்கிற பொருளை வைத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைப்பதை ட்ராய் 2016 பிப்ரவரி 8 அன்றே தடை செய்துவிட்டதாம். 2015இல் அவ்வளவு பேர் மின்னஞ்சல் அனுப்பியது எதற்கென்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நேரத்தையும் அளவையும் வைத்து விலை வைத்துக்கொள்ளலாம், வாட்ஸப்புக்கு ஒரு விலை, பாடத்துக்கு ஒரு விலை என்று வைக்கக் கூடாது.

அதைவிடச் சங்கடம் வேறு வந்தது. ஊரில் செல்வாக்குள்ள மாமா ஒருவர் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். "ஏத்தா, எம் பேத்தி என்ன பாக்குது, யாருட்ட பேசுதுன்னு உம் மிஷின்ல தெரியுமாமே?" என்னிடம் அந்த விவரம் வராது, பதிவெல்லாம் திரட்டுநர் பக்கம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அப்புறம் உண்மையைச் சொன்னேன்: "தெரிஞ்சாலும் காட்ட மாட்டேன் மாமா." முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர் இரண்டு மாதம் என் வீட்டு வாசலைக்கூடப் பார்க்கவில்லை. அவர் மருமகளிடம் மட்டும் ஃபஹீமா ஷிரின் வழக்கைச் சொன்னேன். கேரளத்தில் கல்லூரி விடுதியில் மாலையில் போன் கூடாது என்ற விதியை ஏற்காததற்காக வெளியேற்றப்பட்ட பெண். இணையம் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. மருமகள் கேட்டுவிட்டு, "இதெல்லாம் மாமாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்று நழுவிவிட்டார்.

வருமானம் என்று பெரிதாக இல்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்களும் ஊரிலேயே இருப்பதால் கூப்பன் நன்றாகப் போகும், மற்ற மாதங்களில் இணைப்புக்கும் கரண்டுக்கும் சரியாக இருக்கும். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் உப்புக் காற்றில் கேபிள் முனை பச்சை பூத்துவிடும். கூரை மேல் ஏறி, முனையை வெட்டி, புது முனையை வைத்து அழுத்தி, வாசலின் தடவி டேப் சுற்ற நானே பழகிக்கொண்டேன்.

நவம்பர் 1 கிராம சபைக்கு இப்போதே ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். மணல் மேட்டுக்கு ஒரு தெருவிளக்கு வேண்டும். பட்டன் போன்காரர்கள் இரவில் ஓடிபிக்காக ஏறும்போது வல்லத்துக் கயிறு தடுக்கி விழுகிறார்கள்.