கூரையில்லாத கோயிலிலிருந்து குரோ பேட்ரிக் மலைக்கு

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ மாவட்டத்தில், கடலை ஒட்டி 764 மீட்டர் உயரத்துக்குக் கூம்பாக எழுந்து நிற்கும் மலைக்குக் குரோ பேட்ரிக் என்று பெயர். அக்கம்பக்கத்து மக்களுக்கு அது வெறும் ‘ரீக்’தான், வைக்கோற்போர் என்று பொருள். ஜூலை மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று ஆயிரக்கணக்கானோர், அவர்களில் சிலர் செருப்பும் இல்லாமல், இந்த மலையில் ஏறுகிறார்கள். டப்ளினில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரான அம்மையார் மேயோவில் பிறந்தவர், எழுபதைக் கடந்தவர். நானும் உடன் வருகிறேன் என்றதும், “மலையை மட்டும் ஏறிவிட்டு வந்தால் அது உடற்பயிற்சி. சனிக்கிழமையே கிளம்புவோம், முதலில் பாலின்டபருக்குப் போக வேண்டும்” என்றார்.

பாலின்டபர் மடாலயம் 1216இல் கொனாக்ட் நாட்டு அரசன் கஹால் கிரோடெர்க் ஓகானர் கட்டுவித்தது. வெளித்தோற்றத்தில் பெரிய பிரமிப்பு எதுவும் இல்லை. சாம்பல் நிறக் கற்சுவர், ஒடுங்கிய சன்னல்கள், சுற்றிலும் கல்லறைகள். ஆனால் எண்ணூறு ஆண்டுகளாக இங்கே திருப்பலி என்னும் கத்தோலிக்கப் பூசை நின்றதே இல்லை என்பது மேயோ மக்களின் பெருமை. 1653இல் புராட்டஸ்டண்ட் இங்கிலாந்தின் தளபதி குரோம்வெல்லின் படைகள் மடத்துக்குத் தீ வைத்துக் கூரை விழுந்த பிறகும், மழையிலும் பனியிலும் திறந்த வானத்தின் கீழ் முழந்தாளிட்டு மக்கள் வழிபட்டிருக்கிறார்கள். திருப்பணி முடிந்து நடுக்கூடத்தின் மேல் மறுபடி கூரை ஏறியது 1966இல், ஆலயத்தின் 750ஆம் ஆண்டு நிறைவுக்காக. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு கோயில் கூரையில்லாமல் இருந்தது எப்படி என்ற கேள்விக்கான விடை அயர்லாந்தின் அரசியலில் இருக்கிறது.

குரோம்வெல் வெறும் கட்டடங்களை இடித்துவிட்டுப் போனவர் அல்லர். கத்தோலிக்கரிடமிருந்த நிலத்தைப் பறித்துத் தம் படைவீரர்களுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் பங்கிட்டார். 1641இல் தீவின் நிலத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் கத்தோலிக்கர் கையில் இருந்தது. 1703இல் அது 14 சதவீதமாகச் சுருங்கியது. அதன்பின் வந்த தண்டனைச் சட்டங்கள் கத்தோலிக்கர் நிலம் வாங்குவதையும், பள்ளி நடத்துவதையும், அரசுப் பதவி வகிப்பதையும் தடுத்தன. 1697ஆம் ஆண்டுச் சட்டம் ஆயர்களையும் (பிஷப்புகளையும்) துறவியரையும் நாட்டைவிட்டே வெளியேறச் சொன்னது. மக்கள் மலைச்சரிவுகளில் ஒரு பாறையைப் பலிபீடமாக்கி, மேட்டில் ஒருவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டுத் திருப்பலி கண்டார்கள். குருமார்களைக் காட்டிக்கொடுத்துப் பணம் பெற்றவன் என்று மேயோ இன்றும் வெறுத்துப் பேசும் ஷான் நா சகார்ட்டின் கல்லறையும் இதே பாலின்டபர் வளாகத்தில்தான் இருக்கிறது என்கிறார்கள். அம்மையார் அந்த இடத்தைக் கையால் சுட்டவில்லை. முகவாயை மட்டும் அந்தப் பக்கம் அசைத்துவிட்டு நடந்தார். 1829இல் டேனியல் ஓகானலின் போராட்டத்துக்குப் பிறகுதான் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர முடிந்தது. கோயிலும் நிலமும் கைவிட்டுப் போன காலத்தில் அவர்களிடம் எஞ்சியவை மலையும், ஊற்றும், பாதையும், கல்லும். அயர்லாந்தின் பக்தி இன்றைக்கும் கட்டடத்தைவிட இவற்றையே அதிகம் பற்றிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது.

மடாலயத்திலிருந்து மலை வரை ‘டோகர் பேட்ரிக்’ என்ற யாத்திரைப் பாதை வயல்களுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் இடையே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் ஓடுகிறது. கொனாக்ட் அரசர்களின் தலைநகரிலிருந்து மலையை நோக்கிப் போடப்பட்ட அந்தப் பழைய சாலை, கிறிஸ்தவத்துக்கும் முந்தையது என்று சொல்லப்படுகிறது. நாங்கள் அதில் சிறிது தூரமே நடந்தோம். மீதியைக் காரில் கடந்து, போஹே என்ற இடத்தில் மட்டும் இறங்கினோம். அங்கே ஒரு பெரும்பாறை முழுக்கக் குழிகளும் அவற்றைச் சுற்றிய வளையங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன; வரலாற்றுக்கு முற்பட்ட கைவேலை. ஏப்ரல் 18, ஆகஸ்ட் 24 ஆகிய இரு நாள்களில் இந்தப் பாறையருகே நின்று பார்த்தால், மறையும் சூரியன் குரோ பேட்ரிக்கின் உச்சியைத் தொட்டு, அதன் வலப்புறச் சரிவில் தட்டுப்போல உருண்டு இறங்குவது தெரியுமாம். நாங்கள் போன நாளில் மேகம் மலையையே மறைத்திருந்தது.

அயர்லாந்தில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய புனித பேட்ரிக் வருவதற்கு முன் மலையின் பெயர் குருவாகன் ஐகில். ஜூலைக் கடைசியில் லூனசா என்ற அறுவடைத் திருநாளுக்கு மக்கள் உயர்ந்த இடங்களில் கூடுவது அந்நாட்டு வழக்கம். கி.பி. 441இல் புனித பேட்ரிக் இம்மலையின் உச்சியில் நாற்பது நாள் நோன்பிருந்தார் என்றும், தீவிலிருந்த பாம்புகளை இங்கிருந்தே கடலுக்கு விரட்டினார் என்றும் மரபு சொல்கிறது. பனியுகத்துக்குப் பிறகு அயர்லாந்தில் பாம்புகளே இருந்ததில்லை. அந்தக் கதையை அம்மையாரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, பேட்ரிக்கே எழுதிவைத்த தம் வாழ்க்கை. ரோமானியப் பிரித்தானியாவில் பிறந்து, பதினாறு வயதில் கடற்கொள்ளையரிடம் சிக்கி, ஆறு ஆண்டுகள் அயர்லாந்தில் அடிமையாக ஆடு மேய்த்துத் தப்பிச் சென்றவர், தம்மை அடிமையாக்கிய அதே மண்ணுக்கு ஆயராகத் திரும்பி வந்தார். பழைய திருநாளை அவருடைய மார்க்கம் அழிக்கவில்லை. மலையும் நாளும் அப்படியே இருக்க, வழிபாடு மட்டும் மாறியது.

ஞாயிறு அதிகாலையில் அடிவாரத்து முரிஸ்க் கிராமத்தில் எங்கு பார்த்தாலும் கைத்தடிகள். சிறிது தூரம் ஏறியதும், அமெரிக்காவில் திரட்டிய நிதியைக் கொண்டு 1928இல் நிறுவப்பட்ட பேட்ரிக்கின் வெள்ளைச் சிலை. அதனடியில் அம்மையார் காலணிகளைக் கழற்றி, நாடாக்களை முடிந்து தோளில் தொங்கவிட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். “என் தாயும் அப்படித்தான்” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

கூம்புப் பகுதியின் அடியில், நின்று வழிபடும் இடங்களில் முதலாவது நிலையம்: லாக்ட் பெனன். பேட்ரிக்கின் சீடர் பெனனின் பெயரால் அமைந்த கற்குவியல். ஏழு பரலோக மந்திரம், ஏழு அருள் நிறைந்த மரியே, ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொண்டு ஏழு முறை அதைச் சுற்ற வேண்டும். எண்ணிக்கை தவறாமலிருக்க அம்மையார் கீழே குனிந்து ஏழு பொடிக்கற்களைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சுற்றுக்கு ஒன்றாகக் குவியலில் போட்டார். ஈரமான அந்தக் கற்கள் ஒவ்வொன்றாகக் குறைய, அவர் விரல்கள் மடங்கிக்கொண்டே வந்தன. எல்லோரும் வலமாகவே சுற்றினார்கள். ஐரிஷ் மொழியில் இதற்கு ‘ஜெஷல்’ என்று பெயர். ‘ஜஸ்’ என்றால் வலது, தெற்கு என்று இரண்டு பொருளும் உண்டு. நம் ‘பிரதட்சிண’த்தில் உள்ள தட்சிணமும் வலதையும் தெற்கையும் சேர்த்தே குறிக்கும், இரண்டு சொற்களும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்பது மொழியியலாளர் முடிவு. கிழக்கு நோக்கி நிற்பவனுக்குத் தெற்கு வலப்பக்கம் அல்லவா? இடமாகச் சுற்றுவது அங்கே சாபமிடுவதற்கு மட்டுமே உரியது என்று அம்மையார் எச்சரித்தார். நானும் ஏழு கற்களைப் பொறுக்கினேன். எனக்குத் தெரிந்த மந்திரத்தைத்தான் சொன்னேன்; யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அதற்கு மேல்தான் மலை தன் குணத்தைக் காட்டியது. கூம்பின் சரிவு முழுக்கச் சரளைக்கல்; பல இடங்களில் கற்களைப் பதித்துப் பாதையைச் செப்பனிட்டிருந்தாலும், இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கியது. ஒரு திருப்பத்தில் முழங்கால் சிராய்க்க விழுந்தேன். பின்னால் வந்த இளைஞர் ஒருவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, நான் நன்றி சொல்வதற்குள் மேலே போய்விட்டார். 1113ஆம் ஆண்டு பேட்ரிக் திருநாள் இரவில், இதே உச்சியில் நோன்பிருந்தவர்களில் முப்பது பேர் மின்னல் தாக்கி இறந்ததாகப் பழைய ஆண்டுக்குறிப்புகள் பதிவுசெய்திருக்கின்றன. அப்போது யாத்திரை ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலக் குளிரில் நடந்தது. கோடைக்கு மாறியது பிற்பாடு.

உச்சியிலிருக்கும் வெள்ளைச் சிற்றாலயம் 1905இல் எழுந்தது. அதைப் பதினைந்து முறையும், ‘பேட்ரிக்கின் படுக்கை’ என்ற இடத்தை ஏழு முறையும் சுற்றி வணங்குகிறார்கள். ஒரு பக்கம் திருப்பலி, இன்னொரு பக்கம் குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை. காற்று மேகத்தை விலக்கிய சில நிமிடங்களில் கீழே கிளூ விரிகுடா தெரிந்தது. ஆண்டின் நாள்களைப் போல 365 தீவுகள் என்று ஊரார் சொல்வார்கள்; சிதறிய பச்சைத் துணுக்குகளைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. தன் உறவினர்களைச் சிறையிலிருந்து மீட்க 1593இல் லண்டன் வரை கப்பலோட்டிச் சென்று முதலாம் எலிசபெத்தை நேரில் கண்ட கடல்தலைவி கிரான்யூவேல் ஆண்டதும் இந்த நீரைத்தான். நாங்கள் நின்ற மலைக்குள் தங்கம் இருப்பது 1980களில் தெரியவந்தது. சுரங்கம் வேண்டாம் என்று வட்டாரத்து மக்கள் எதிர்த்து நின்றதால் அது அப்படியே கிடக்கிறது.

நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் கத்தோலிக்கர் 2011இல் 84 சதவீதம். 2022இல் 69 சதவீதம். திருச்சபை நிறுவனங்களில் குழந்தைகளுக்கும் திருமணமாகாத தாய்மாருக்கும் இழைக்கப்பட்ட கொடுமைகள் வெளிவந்தபின், ஆயர்களின் சொல்லுக்கு இருந்த எடை போய்விட்டது. ஒருபால் திருமணத்தை 2015இலும், கருக்கலைப்புத் தடை நீக்கத்தை 2018இலும் மக்கள் வாக்களித்தே ஏற்றார்கள். அம்மையாரும் இரண்டுக்கும் ஆதரவாக வாக்களித்தவர். மேலே தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, “ஆயர் வேறு, மலை வேறு” என்றார்.

இறங்கியதும் சாலைக்கு எதிரே தேசியப் பஞ்ச நினைவுச்சின்னம். பாய்மரக் கயிறுகளின் இடத்தில் எலும்புக்கூடுகள் பறக்கும் வெண்கலக் கப்பல். ஜான் பீஹன் வடித்ததை 1997இல் குடியரசுத் தலைவர் மேரி ராபின்சன் திறந்துவைத்தார். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தின்றபோது, ஏழைகளுக்கு அதைத் தவிர வேறு உணவில்லை. அதே துறைமுகங்களிலிருந்து தானியம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள், பத்து லட்சம் பேர் கடல்கடந்தார்கள். 1841இல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த தீவின் மக்கள்தொகை இன்றும் அந்த அளவை எட்டவில்லை. நில உரிமைப் போராட்டம் இந்த மாவட்டத்தில் வெடித்ததில் வியப்பில்லை. மைக்கேல் டேவிட் 1879 ஆகஸ்ட் 16 அன்று காசல்பாரில் மேயோ நிலச் சங்கத்தை நிறுவினார். ஐந்தே நாள் கழித்து, அதே மாவட்டத்தின் நாக் கிராமத்தில் கோயில் சுவரருகே அன்னை மரியாள் காட்சியளித்ததாகப் பதினைந்து பேர் சாட்சி சொன்னார்கள். மறு ஆண்டு, குத்தகைக்காரர்களை வெளியேற்ற முனைந்த பாய்காட் என்ற நில நிர்வாகியோடு மேயோ மக்கள் கொடுக்கல் வாங்கலையும் பேச்சையும் நிறுத்தினார்கள். அவர் பெயரே உலக மொழிகளில் ஒரு சொல்லானது.

திங்கட்கிழமை டூலாக் ஏரிச் சாலைக்குப் போனோம். 1849 மார்ச் இறுதியில், லூயிஸ்பர்க் ஊரில் நிவாரணத்துக்காகக் காத்திருந்த நூற்றுக்கணக்கான பட்டினி மக்களை, அதிகாரிகள் தங்கியிருந்த டெல்ஃபி மாளிகைக்கு மறுநாள் காலை வந்து சேரச் சொன்னார்கள். ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நடந்து சேர்ந்தவர்கள் வெறுங்கையோடு திருப்பியனுப்பப்பட்டார்கள். வழியில் பலர் விழுந்து இறந்தார்கள். ஏரிக்கு மேலே ஓர் எளிய கற்சிலுவை. சக மனிதரை இழிவுபடுத்துவதில் மனிதர் எப்படிப் பெருமை காண முடியும் என்ற மகாத்மா காந்தியின் கேள்வி அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

“இந்தச் சாலையில் நடந்தவர்களுக்குச் செருப்பு இல்லை” என்று அம்மையார் அங்கே சொன்னார். பிறகு அந்தக் கல்லை வலமாக ஒரு முறை சுற்றிவந்தார். இந்த இடத்தில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்று காருக்குத் திரும்பும்போது அவரே சொன்னார்.